செம்மில் இடிஎஸ் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கத்து வேஃபர் (மின்சில்லு செய்யும் சிலிக்கான் தகடு) ஆலைகளிலிருந்தும் துவாஸ் பட்டறைகளிலிருந்தும் சாம்பிள்கள் வருகின்றன. கூடவே கேள்விகளும் வருகின்றன. இரவு ஷிஃப்டில் இருக்கும் தம்பிகள், தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் அண்ணன்மார், நகைக்கடை வைத்திருக்கும் உறவினர் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. செம்மும் இடிஎஸ்ஸும் ஒண்ணா, வேற வேறயா?

வேறு வேறு. செம் என்பது ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி. மெல்லிய எலக்ட்ரான் கற்றையால் பரப்பை வரிவரியாகத் தடவிப் படம் எடுக்கும். கற்றை பட்ட இடத்திலிருந்து எக்ஸ் கதிரும் கிளம்பும். அந்தக் கதிர்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் ஆற்றலையும் அளந்து, அங்கே என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டுவது இடிஎஸ். செம்மின் பக்கவாட்டில் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் இடிஎஸ் டிடெக்டர். இடிஎக்ஸ் என்று சொல்வதும் இதையேதான்.

2. எலக்ட்ரான் பட்டதும் இது இரும்பு, இது செம்புன்னு எப்படித் தெரியுது?

வேகமாக வரும் எலக்ட்ரான், அணுவின் உள்கூட்டில் இருக்கும் ஒரு எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று இறங்கி வருகிறது. இரண்டு கூட்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் எக்ஸ் கதிராக வெளியே வரும். அந்த வித்தியாசம் தனிமத்துக்குத் தனிமம் மாறும். இரும்பின் முதன்மைக் கதிர் 6.40 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்), செம்பினுடையது 8.05, அலுமினியத்தினுடையது 1.49. அணு எண் கூடக்கூட இந்த ஆற்றலும் ஒழுங்காக ஏறுகிறது என்பதை ஹென்றி மோஸ்லி 1913-இல் காட்டினார்.

எலக்ட்ரான் கற்றையை ஒரு மைக்ரான் அளவு இடத்தில் குவித்து, அந்தச் சின்ன இடத்தின் கலவையை மட்டும் அளக்கலாம் என்று செய்து காட்டியவர் பிரான்சின் ரெய்மோன் காஸ்டாங். 1951-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு அது. எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று வரையும் கோட்டுப்படம்தான் ஸ்பெக்ட்ரம், அதில் எழும் மேடுதான் பீக். அந்தப் பீக்கின் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கலவை தெரிந்த ஒரு ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்ற முறையும் அவர் வகுத்ததுதான். இன்றைய சாஃப்ட்வேர்களின் கணக்கு அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

3. எக்ஸ் கதிர் வருதுன்னா பக்கத்துல உக்காந்து வேலை செய்றது ஆபத்து இல்லையா? நான் மாசமா இருக்கேன் அக்கா.

செம்மில் எலக்ட்ரானை முடுக்கிவிடும் மின்னழுத்தம் அதிகபட்சம் 30 கேவி (கிலோ வோல்ட்). அதனால் கிளம்பும் எக்ஸ் கதிரின் ஆற்றலும் 30 கேஇவியைத் தாண்டாது. அறையின் தடித்த உலோகச் சுவரே அதை நிறுத்திவிடும். கதவைத் திறந்தால் வெற்றிடம் போய்விடும், கற்றையும் தானாக அணைந்துவிடும். ஒழுங்காகப் பராமரிக்கும் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனாலும் இந்த நிலையில் உங்கள் மேலாளரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். கசிவு சோதனையின் பதிவைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

கையில் பிடித்து, எக்ஸ் கதிரை அடித்துத் தனிமத்தை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி வேறு கதை. அதில் கதிர் வெளியே வருகிறது. சிங்கப்பூரில் அதற்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். சாம்பிளை விரலால் பிடித்துக்கொண்டு சுடவே கூடாது.

4. எல்லாத் தனிமமும் தெரியுமா?

ஹைட்ரஜனும் ஹீலியமும் தெரியவே தெரியாது, அவற்றுக்கு இறங்கி வர வெளிக்கூடு கிடையாது. லித்தியத்தின் கதிர் 0.054 கேஇவி மட்டுமே. ஜன்னல் (முன்னால் மூடியிருக்கும் மெல்லிய படலம்) இல்லாத தனி ரக டிடெக்டர் இருந்தால்தான் அதைப் பார்க்க முடியும். போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் தெரியும், ஆனால் அளவைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சோடியத்திலிருந்து மேலே இடிஎஸ் நன்றாக வேலை செய்யும்.

எவ்வளவு குறைவாக இருந்தால் தெரியும் என்றும் சேர்த்துக் கேட்பார்கள். பொதுவாக எடையில் 0.1% வரை. அதற்குக் கீழே இருந்தால் பின்னணியில் கரைந்துவிடும். ‘தெரியவில்லை’ என்று அறிக்கை சொன்னால் ‘0.1%-க்கு மேல் இல்லை’ என்றே படிக்க வேண்டும், ‘அறவே இல்லை’ என்று அல்ல.

5. எத்தனை கேவி வைக்கணும்? எப்பவும் 20-லயே வச்சா என்ன?

ஒரு தனிமத்தின் பீக் நன்றாக எழும்ப, அதன் உள்கூட்டைக் காலிசெய்யத் தேவையான ஆற்றலைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கேவி வேண்டும். இரும்புக்கு அந்த எல்லை 7.1 கேஇவி, செம்புக்கு 9. அதனால் 15 அல்லது 20 கேவி உலோகங்களுக்கு வசதி. ஆனால் கேவி கூடினால் கற்றை ஆழமாகவும் போகும். மணலில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கி அகலமாகப் பரவுவது போல எலக்ட்ரான் உள்ளே பரவும், எக்ஸ் கதிர் அந்த முழுப் பரப்பிலிருந்தும் வரும். இரும்பில் 20 கேவிக்கு ஏறக்குறைய ஒன்றரை மைக்ரான். சிலிக்கானில் நாலரை மைக்ரானைத் தொடும்.

வேஃபர் மேல் உட்கார்ந்திருக்கும் அரை மைக்ரான் துகளை 20 கேவியில் அடித்தால் என்ன ஆகும்? கற்றை துகளைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும். அறிக்கையில் சிலிக்கான் 95% என்று வரும், துகள் சிலிக்கான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். 5 கேவிக்கு இறக்கினால் சிலிக்கானில் ஊடுருவல் அரை மைக்ரான் அளவுக்குச் சுருங்கும், துகளின் உண்மையான கலவை மேலே வரும். பக்கத்தில் துகள் இல்லாத இடத்தில் அதே கேவியில் இன்னொரு ஸ்பெக்ட்ரம் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் வருவது அடித்தளம், துகளில் மட்டும் வருவதுதான் துகள். இந்த ஒப்பீடு இல்லாத துகள் அறிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

6. பிளாஸ்டிக், செராமிக்குக்கு கோல்டு கோட்டிங் போடலாம்ல?

மின்சாரம் கடத்தாத பொருளில் எலக்ட்ரான் தேங்காமல் இருக்கத்தான் இந்தப் பூச்சு. படம் மட்டும் வேண்டுமென்றால் போடலாம். இடிஎஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள். தங்கத்தின் ஒரு பீக் 2.12-இல் வரும், பாஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31. சின்ன அளவில் இருக்கும் அந்த இரண்டையும் தங்கம் மூடிவிடும். அப்போது கார்பன் கோட்டிங் நல்லது, கார்பனைத் தேடாதவரை. கோட்டிங்கே இல்லாமல் குறைந்த வெற்றிடத்திலும் பார்க்கலாம், ஆனால் அப்போது கற்றை சிதறிப் பக்கத்து இடத்தின் கதிரும் கலந்து வரும்.

7. 316 ஸ்டெயின்லெஸ்ல சல்ஃபர் 2% காட்டுது. மட்டமான ஸ்டீலை வித்துட்டாங்களா?

துவாஸ் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். விற்றவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். 316 ரகத்தில் கந்தகம் அதிகபட்சம் 0.03% தான் அனுமதி, கேள்வி 4-இல் சொன்ன எல்லைக்கு வெகு கீழே. நல்ல 316-இல் அது இடிஎஸ்ஸில் தெரியவே கூடாது. ஆனால் அதே ரகத்தில் 2 முதல் 3% வரை மாலிப்டினம் இருந்தாக வேண்டும், உப்புக்காற்றைத் தாங்குவதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். கந்தகத்தின் கதிர் 2.307 கேஇவி. மாலிப்டினத்தின் எல் வரிசைக் கதிர் 2.293 (காலியிடம் விழுவது அணுவின் முதல் கூட்டில் என்றால் கே வரிசை, இரண்டாவதில் என்றால் எல், மூன்றாவதில் என்றால் எம்). வித்தியாசம் 0.014 மட்டுமே. இடிஎஸ் டிடெக்டருக்கு அந்த இடத்தில் ஒரு பீக்கின் அகலமே இதைப் போலப் பல மடங்கு. ஆக இரண்டும் ஒரே மேடாகத்தான் நிற்கும். அதன் தலையில் எந்தப் பெயரை ஒட்டுவது என்பது சாஃப்ட்வேரின் ஊகம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கற்றையை 30 கேவிக்கு ஏற்றி, 17.5 கேஇவி பக்கம் பாருங்கள். மாலிப்டினம் இருந்தால் அங்கே அதன் கே வரிசை பீக் எழும். இரண்டு மூன்று சதவீதம்தான் என்பதால் சின்னதாக இருக்கும், நேரம் கொடுத்து எடுக்க வேண்டும். கந்தகத்துக்கு அங்கே எதுவும் கிடையாது. இரண்டாவது வழி, தனிமப் பட்டியலில் மாலிப்டினத்தைச் சேர்த்து, கந்தகத்தை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் வரைந்து காட்டும் கணக்குக் கோடு அளந்த கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது.

கந்தகம் நிஜமாகவே இருக்கும் இடமும் உண்டு. ஸ்டீலுக்குள் மாங்கனீஸ் சல்ஃபைடு பொட்டுகள் இருக்கும், குழி அரிப்பு பெரும்பாலும் அந்த மாதிரிப் பொட்டில்தான் ஆரம்பிக்கும். பொட்டின் மேல் அடித்தால் 2.3 பீக்கோடு மாங்கனீஸும் சேர்ந்து உயரும், பக்கத்து உலோகத்தில் இரண்டும் இறங்கும். அப்படி இருந்தால் அது கந்தகம்தான். 2.3 பீக் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருந்தால் மாலிப்டினம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு சரியான சரக்கு.

8. இந்த மாதிரி ஏமாத்துற ஜோடி வேற எதெல்லாம் இருக்கு?

எங்கள் மேசைக்கு அடிக்கடி வருபவை இவை. வேஃபர் ஆலைகளில் சிலிக்கான் (1.74), டங்ஸ்டன் (1.78), டான்டலம் (1.71) மூன்றும் ஒன்றாகக் குழம்பும். கே வரிசையைப் பார்த்துப் பிரிக்க முடியாது, டங்ஸ்டனுக்கு 8.4, டான்டலத்துக்கு 8.1 பக்கம் உள்ள எல் வரிசையைத் தேட வேண்டும். அதற்குக் கேவியை ஏற்ற வேண்டும், ஏற்றினால் கேள்வி 5-இல் சொன்ன ஊடுருவல் பிரச்சினை வரும். இரண்டு கேவியிலும் தனித்தனியாக எடுப்பதுதான் வழி. செராமிக் கபாசிட்டரில் பேரியமும் (4.47) டைட்டேனியமும் (4.51) குழம்பும்.

துத்தநாகம் பூசிய இரும்பில் ‘சோடியம்’ வந்தால் உடனே கடல் உப்பு என்று எழுதாதீர்கள். துத்தநாகத்தின் எல் வரிசை 1.01, சோடியம் 1.04. உப்பாக இருந்தால் 2.62-இல் குளோரினும் கூட இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியத்தின் கே வரிசையில் இரண்டாவது பீக்கான கே பீட்டா (5.95) மாங்கனீஸின் (5.90) மேல் ஏறி உட்காரும், கணக்குச் சரியில்லை என்றால் மாங்கனீஸ் கூடுதலாகத் தெரியும்.

பெயரைப் படிப்பதற்கு முன்னால் பீக்கைப் பாருங்கள். ஒரு தனிமத்துக்கு ஒரு வரிசைக்கு மேல் கதிர் இருந்தால், இன்னொரு வரிசையும் இருந்தே ஆக வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதைத்தான்.

9. அலுமினியத்துல ஆர்கான் எப்படி வந்துச்சு?

ஸ்பட்டரிங்கில் (ஆர்கான் வாயுவை வைத்து உலோகத்தைப் பூசும் முறை) பூசிய படலமாக இருந்தால் உண்மையிலேயே கொஞ்சம் ஆர்கான் சிக்கியிருக்கலாம். சாதாரண அலுமினியத் துண்டு என்றால் அது பெரும்பாலும் கூட்டுப் பீக். இரண்டு அலுமினியக் கதிர்கள் ஒரே நேரத்தில் டிடெக்டரில் விழுந்தால், அது இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 1.487 + 1.487, அதாவது சுமார் 2.97 என்று எண்ணிவிடும். ஆர்கானின் இடம் 2.96, வெள்ளியினுடையது 2.98. சாஃப்ட்வேர் கைக்குக் கிடைத்த பெயரைச் சொல்லும். கற்றையின் மின்னோட்டத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். அலுமினியம் குறைந்த விகிதத்தைவிட இது வேகமாகக் குறைந்தால் கூட்டுப் பீக்தான்.

10. மொத்தம் கரெக்டா 100% வந்திருக்கு. அப்போ ரிசல்ட் சரிதானே?

இல்லை. ஸ்டாண்டர்ட் இல்லாமல் கணக்கிடும்போது சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் கூட்டி, 100 வரும்படி விகிதத்தைச் சரிசெய்துவிடுகிறது. ஒரு தனிமத்தை விட்டுவிட்டாலும் 100 வரும், இல்லாத ஒன்றைச் சேர்த்தாலும் 100 வரும். உண்மையான மொத்தம் என்னவென்று தெரிய ஸ்டாண்டர்ட் வைத்து அளந்து, சரிசெய்யாத எண்ணைப் பார்க்க வேண்டும். அது 98-க்கும் 102-க்கும் நடுவில் வந்தால் மனம் நிம்மதியடையலாம். 85 வந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது பரப்பு சரியில்லை.

11. குரோமியம் 17.43%னு இருக்கு. அந்த .43-ஐ நம்பலாமா?

பீக்கில் 10,000 கதிர் எண்ணியிருந்தால், எண்ணிக்கையின் தடுமாற்றம் மட்டுமே 1%, அதாவது 17.43-இல் 0.17. இது குறைந்தபட்சம். ஸ்டாண்டர்ட் இல்லாத கணக்கில் இன்னும் 5% அல்லது அதற்கும் மேல் தவறு சேரலாம். அப்போது அந்த எண்ணை ‘சுமார் 17’ என்று படிப்பதே நியாயம். ஆக்ஸிஜன், கார்பன் போன்ற லேசான தனிமங்களுக்கு அந்த அளவு நம்பிக்கைகூட வைக்க முடியாது.

12. வெயிட் பர்சென்ட், அட்டாமிக் பர்சென்ட், எதைக் கொடுக்கிறது?

உலோகக் கலவை என்றால் எடை, ஏனெனில் ரகங்களின் வரையறை எடையில்தான் இருக்கிறது. சேர்மம் என்றால் அணு விகிதம் வசதி. அலுமினா எடையில் 53% அலுமினியம், அணுக்களில் 40%. அந்த 40-க்கு 60 என்பதைப் பார்த்ததும் இரண்டுக்கு மூன்று என்று புரிந்துவிடும். எதைக் கொடுத்தாலும் எது என்று எழுதுங்கள்.

13. அண்ணன் 316-ஆ 316எல்-ஆன்னு கேக்கறார். கார்பனைப் பாத்துச் சொல்லிடலாமா?

முடியாது. 316-இல் கார்பன் 0.08% வரை, 316எல்-இல் 0.03% வரை. இரண்டுமே எல்லைக்குக் கீழே. போதாததற்கு, வெற்றிட அறையில் மிச்சமிருக்கும் எண்ணெய் ஆவியும் சாம்பிளின் மேல் இருக்கும் விரல் பிசுக்கும் கற்றை பட்ட இடத்தில் கார்பனாகப் படியும். ஒரே இடத்தில் நேரம் ஆக ஆகக் கார்பன் ஏறிக்கொண்டே போகும். எந்த ஸ்டீலிலும் ‘கார்பன் 4%’ என்று வருவது இதனால்தான். கார்பனுக்கு ஸ்பார்க் எமிஷன் (மின்பொறி அடித்து வரும் ஒளியை அளக்கும்) கருவிக்கோ, எரித்து அளக்கும் கருவிக்கோ அனுப்புங்கள். 304-ஆ 316-ஆ என்று கேட்டால் இடிஎஸ் அழகாகச் சொல்லும்: மாலிப்டினம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, கேள்வி 7-ஐ நினைவில் வைத்துக்கொண்டால்.

14. உடைஞ்ச போல்ட்டை அப்படியே வச்சு எடுத்தேன். இடத்துக்கு இடம் ரிசல்ட் மாறுது. ஏன்?

கணக்கு முழுவதும் பரப்பு தட்டையாக, பளபளவென்று மெருகேற்றப்பட்டு, கற்றைக்கு நேர் செங்குத்தாக இருக்கிறது என்ற அனுமானத்தில் நடக்கிறது. உடைந்த பரப்பில் பள்ளத்திலிருந்து கிளம்பும் கதிர் டிடெக்டருக்கு வர மேட்டைத் தாண்ட வேண்டும். வழியில் ஆற்றல் குறைந்த கதிர்கள் உறிஞ்சப்பட்டுவிடும், ஆக்ஸிஜனும் அலுமினியமும் குறைவாகத் தெரியும். உடைந்த பரப்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு என்று சொல்ல, ஒரு துண்டை வெட்டி, பிசினில் பதித்து, மெருகேற்றி எடுங்கள்.

துரு பிடித்த துண்டு என்றால் வந்தவுடன் உலர்கலனில் வையுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் குளோரைடு படிந்த இடம் தானாக ஈரம் இழுத்து, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே துருவை இன்னும் வளர்த்துவிடும்.

15. அந்தத் துரு என்ன ஆக்சைடுன்னு சொல்ல முடியுமா?

இடிஎஸ் தனிமத்தைச் சொல்லும், சேர்மத்தைச் சொல்லாது. ஹெமடைட்டில் இரும்பு எடையில் 69.9%, மேக்னடைட்டில் 72.4%. இந்த இரண்டரை சதவீத வித்தியாசத்தைக் கேள்வி 11-இல் சொன்ன தவறு விழுங்கிவிடும். போதாததற்கு, துருவில் ஹைட்ரஜன் சேர்ந்த ஹைட்ராக்சைடுகளும் உண்டு, ஹைட்ரஜன் நமக்குத் தெரியாது. படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டிக்கோ, லேசர் ஒளிச்சிதறலைப் பார்க்கும் ராமனுக்கோ அனுப்புங்கள்.

16. டபிள்யூடிஎஸ் எப்போ தேவை?

டபிள்யூடிஎஸ் என்பது எக்ஸ் கதிரை அலைநீளத்தை வைத்துப் பிரித்து அளக்கும் முறை. அது தேவைப்படுவது குழம்பும் ஜோடிகளில் சந்தேகம் தீராதபோதும், 0.1%-க்குக் கீழே போக வேண்டியபோதும். இடிஎஸ் இரும்பு, மாங்கனீஸ் பக்கத்தில் 125 முதல் 130 எலக்ட்ரான் வோல்ட் அகலத்தில் பீக் தரும். டபிள்யூடிஎஸ் படிகத்தால் கதிரைப் பிரிப்பதால் 10 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்திலேயே பிரித்துவிடும். நேரம் அதிகம், சாம்பிளும் மெருகாக இருந்தே ஆக வேண்டும்.

17. தேக்கா நகைக்கடையில ஒரு மெஷின்ல வச்சு 916-ன்னு சொல்றாங்களே, அதுவும் இதுதானா?

உறவுதான், ஆனால் அதே முறையல்ல. அது எக்ஸ்ஆர்எஃப். எலக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ் கதிரையே அடித்து, அணுவிலிருந்து திரும்பி வரும் எக்ஸ் கதிரை அளக்கிறது. வெற்றிடம் வேண்டாம், நகை கெடாது, நொடிகளில் முடிந்துவிடும். 91.6% தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் என்ற கணக்கைச் சொல்ல அது நல்ல கருவி.

ஆனால் ஆழத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தங்கத்துக்குள்ளிருந்து அந்தக் கதிர் சுமார் 10 மைக்ரான் ஆழம் வரைதான் வெளியே வரும். செம்மில் 20 கேவியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தடிமனாகத் தங்க முலாம் பூசியிருந்தால் இரண்டு கருவியும் ‘தங்கம்’ என்றே சொல்லும். தங்கக்கட்டி என்றால் உள்ளே டங்ஸ்டனை வைத்து, எடைபோட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத வகை உண்டு, ஏனெனில் டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தோடு ஏறக்குறைய ஒன்று. சந்தேகம் வலுத்தால் வெட்டியோ சுரண்டியோ உட்புறத்தை அளக்க வேண்டும், அல்லது உருக்கிப் பார்க்கும் நெருப்புச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

18. ஊர்ல இருந்து கொண்டுவந்த சுர்மாவையும் குங்குமத்தையும் இதுல வச்சுப் பாக்கலாமா? ஈயம் இருக்கான்னு பயமா இருக்கு, குழந்தைக்குப் போடுறோம்.

இரண்டுக்கும் பதில் வேறு. சுர்மா என்ற கண் மையின் பழைய வகை கலீனா என்ற கனிமத்தை அரைத்தது, அதாவது ஈய சல்ஃபைடு. எடையில் 86%-க்கு மேல் ஈயம். அவ்வளவு இருந்தால் இடிஎஸ் உடனே காட்டும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஈயத்தின் எம் வரிசை 2.34, கந்தகம் 2.31. கேள்வி 7-இல் பார்த்த அதே இடம். ‘கந்தகம் மட்டும்’ என்று சாஃப்ட்வேர் சொல்லி, அதை நம்பிவிட்டால் குழந்தையின் கண்ணில் ஈயம் போய்க்கொண்டே இருக்கும். 20 கேவியில் எடுத்து 10.55-ஐப் பாருங்கள். அங்கே பீக் இருந்தால் அது ஈயம், சுர்மாவை அன்றே நிறுத்திவிடுங்கள்.

குங்குமத்திலும் செந்தூரத்திலும் நிறத்துக்காக ஈய ஆக்சைடு தாராளமாகக் கலந்திருந்தால் அதுவும் இப்படியே பிடிபடும். பிடிபடாவிட்டால்தான் கவனம் தேவை. அழகுசாதனப் பொருள்களில் ஈயத்துக்கு ஆசியான் வழிகாட்டுதலின் வரம்பு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையமும் அதைத்தான் கடைப்பிடிக்கிறது. இடிஎஸ்ஸின் எல்லையான 0.1% என்பது 1,000 பிபிஎம், வரம்பைப் போல 50 மடங்கு. எங்கள் கருவியில் ஈயம் தெரியவில்லை என்பதை வைத்துக் குங்குமம் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. மிகச் சிறிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில், அமிலத்தில் கரைத்து ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் நான்கையும் பிபிஎம்மில் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே குழந்தைக்குப் போட்டுவந்திருந்தால் டாக்டரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்த்துவிடுங்கள்.